பெட்டி கட்டிக்கொண்டு கிளம்ப ஒரு பழைய எம்ஜிபி

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போகும்போது கையில் இரண்டு பொருள் வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்று, தரையில் விரித்துப் படுக்கப் பழைய போர்வை ஒன்று. என் முதல் எம்ஜிபியை இரண்டும் இல்லாமல் போய் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், சிவப்பு பெயின்ட், கண்ணைப் பறிக்கும் குரோம். ஆறு மாதம் கழித்து டயர் மாற்ற ஜாக்கி வைத்தேன். கார் மேலே எழவில்லை. ஜாக்கி காருக்குள்ளே போனது.

வருடத்தில் நாலைந்து தடவை பெட்டி கட்டிக்கொண்டு வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று சுற்றிவர ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடும், பிரிட்டனில் வசிக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையில் கிரீஸ் படுவதற்குக் கூச்சப்படாமல் இருந்தால் போதும். ஜாகுவார் ஈ-டைப், ஆஸ்டின் ஹீலி 3000, டிரையம்ஃப் டிஆர்6 எல்லாம் அழகுதான். ஆனால் முதல் காராக எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் கூரை உள்ள எம்ஜிபியான ஜிடியைத்தான் சொல்வேன்.

எம்ஜி என்றதும் சென்னைச் சாலைகளில் ஓடும் ஹெக்டர் நினைவுக்கு வரலாம். பெயர் அதேதான், பலமுறை கைமாறி இப்போது சீனாவின் எஸ்ஏஐசி நிறுவனத்திடம் இருக்கிறது. நாம் பேசும் எம்ஜி, ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற கார் விற்கும் கடையில் பிறந்து, பக்கத்து ஊரான ஆபிங்டனில் வளர்ந்தது. எம்ஜிபி அங்கே 1962 முதல் 1980 வரை தயாரானது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவ்வளவு கார்கள் ஓடியதால்தான் இன்றைக்கும் இதற்குக் கிடைக்காத உதிரி பாகம் என்று அநேகமாக ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988-ல் எம்ஜிபியின் முழு பாடியையே புதிதாக அடிக்கத் தொடங்கியது. உற்பத்தி நின்று எட்டு வருடம் கழித்துப் புது பாடி வந்த கார் வேறு எது இருக்கிறது?

இன்ஜின் நமக்கு அந்நியம் இல்லை. 1798 சிசி, நான்கு சிலிண்டர், பி-சீரீஸ். நம் ஊர் அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம். அம்பாசிடர் பானட்டைத் திறந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு எம்ஜிபியின் பானட்டைத் திறந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். என்ன, அங்கே ஒரு எஸ்யூ கார்புரேட்டர், இங்கே இரண்டு.

எந்த மாடல்

கூரை மடக்கும் ரோட்ஸ்டரா, கூரை உள்ள ஜிடியா என்பதுதான் முதல் கேள்வி. விளம்பரப் படங்களில் ரோட்ஸ்டர்தான் ஜெயிக்கும். நெடுந்தூரம் போக ஜிடிதான். 1965-ல் வந்த இந்த வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் கைவண்ணம் உண்டு. பின்கதவு முழுதாகத் திறக்கும். இரண்டு பெட்டி, கூடாரம், ரெயின்கோட், வழியில் வாங்கும் தேவையில்லாத சாமான் எல்லாம் போகும். பின் சீட் என்று ஒன்று உண்டு. அதில் எட்டு வயதுக்கு மேற்பட்ட யாரையும் உட்கார வைத்து நட்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்காட்லாந்தில் பக்கவாட்டில் அடிக்கும் மழையில் துணிக்கூரைக்குக் கீழ் மூன்று மணி நேரம் ஓட்டியவர்களுக்கு ஜிடியின் அருமை தெரியும். இன்னொரு விஷயம், ஒரே தரத்தில் இருக்கும் ரோட்ஸ்டரைவிட ஜிடி விலை குறைவு. நமக்கு நல்லதுதான்.

அடுத்தது ஓவர்டிரைவ். இது இல்லாத எம்ஜிபியை டூரிங்குக்கு வாங்காதீர்கள். கியர்பாக்ஸில் நான்கு கியர்தான். நான்காவது கியரில் 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்று சுற்றும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். லேகாக் நிறுவனம் செய்த ஓவர்டிரைவ் பெட்டி கியர்பாக்ஸின் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஒரு சுவிட்சைத் தட்டினால் எண்ணெய் அழுத்தத்தில் அது பிடித்துக்கொள்ளும். கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை. அதே வேகத்தில் சுற்று 3,200 அளவுக்கு இறங்கிவிடும். பெட்ரோலும் மிச்சம், காதும் மிச்சம். பிரிட்டனில் 1975 வரை இதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் பல கார்களில் இருக்காது. சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

வருடத்தைப் பொறுத்தவரை 1968-லிருந்து 1974 வரைக்கும் உள்ள கார்கள் என் தேர்வு. 1967 கடைசியில் வந்த மாற்றத்தோடு முதல் கியருக்கும், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் கிடைத்தது, பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1974 இலையுதிர்காலத்தில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டினார்கள், காரையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். வளைவுகளில் கார் கொஞ்சம் படகுபோல் சாயத் தொடங்கியது அதிலிருந்துதான். 1976-ல் சாய்வைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பார்களை மாற்றி ஓரளவு சரிசெய்தார்கள். கையில் காசு குறைவு என்றால் அதற்குப் பிந்தைய ரப்பர் பம்பர் ஜிடி மோசமான யோசனை இல்லை. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

1973 முதல் 1976 வரை ரோவரின் 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு 2,591 கார்கள் வந்தன. ஆசை வரும். அதை இரண்டாவது காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை மறந்துவிட்டு பாடியைப் பாருங்கள்

புதிதாக வாங்குபவர்கள் பானட்டைத் திறந்து இன்ஜினைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். விற்பவருக்கும் அதுதான் வசதி. எம்ஜிபியின் இன்ஜின் பழுதானால் பிரித்துச் சரிசெய்ய ஆள் உண்டு, பாகம் உண்டு, செலவும் கணக்குக்குள் நிற்கும். பாடி துருப்பிடித்தால் டிங்கர் வேலையின் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். காரணம் இதற்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. அந்த எலும்பில் முதுகுத்தண்டு என்பது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில்.

சில் ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடு, நடுவில் ஒரு தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில்போல் மடிந்த கேசில் ரெயில் என்று பல தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி அது. தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழி தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள் தகடு உள்ளிருந்து அரித்துவிடும். வெளியே பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

போர்வையை விரித்துப் படுத்துக் கேசில் ரெயிலைப் பாருங்கள். தட்டையாக, தார்போல் கறுப்புப் பூச்சு தடவி, எங்கே தகடு முடிகிறது எங்கே பூச்சு தொடங்குகிறது என்று தெரியாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தைக் கட்டை விரலால் நன்றாக அழுத்துங்கள். அப்புறம் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவுக்குப் பின்னால் உள்ள மூலை, பின்சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம் என்று வரிசையாக ஒட்டிப் பாருங்கள். வழுக்கி விழும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிப் பசை இருக்கிறது.

கதவைத் திறந்து மெதுவாக மூடுங்கள். கதவின் முன்பக்க இடைவெளியும் பின்பக்க இடைவெளியும் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் வளைந்திருக்கிறது. கூரையின் தாங்குதல் இல்லாததால் ரோட்ஸ்டரில் இது சீக்கிரம் தெரியும்.

உள்ளே கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். 1974 வரை வந்த கார்களில் சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். ஆசிட் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டிகள் அடியற்றுப் போயிருக்கலாம். பின் லீஃப் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடங்களையும் விடாதீர்கள்.

“சில் எல்லாம் மாற்றியாச்சு” என்பார்கள். சரி, வேலை நடந்தபோது எடுத்த ஃபோட்டோ கேளுங்கள். எம்ஜிபியில் சில்லை ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதியை வெட்டித் திறக்க வேண்டும். அதைச் செய்யாமல் பழைய துருவின் மேல் புதுத்தகட்டை ஒட்டி பெயின்ட் அடித்துவிடுபவர்கள் உண்டு. என் சிவப்புக் கார் அந்த வகைதான்.

காகிதக் கட்டு

நன்றாகப் பராமரித்த கார் என்று எதைச் சொல்வது? பெரிய தொகைக்கு ஒரே ஒரு ரெஸ்டோரேஷன் பில்லைக் காட்டுபவரைவிட, இருபது வருடமாகச் சின்னச் சின்ன ரசீதுகளைச் சேர்த்து வைத்திருப்பவரிடம் நான் வாங்குவேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், எப்போதோ ஒரு வாட்டர் பம்ப், ரப்பர் ஹோஸ்கள், டயர் நான்கு என்று படிக்கவே அலுப்பாக இருக்கும் ரசீதுகள். அந்த அலுப்புதான் பராமரிப்பு. பதினைந்து வருடம் கராஜில் போர்வை போர்த்தி நின்ற “லோ மைலேஜ்” காரைப் பார்த்தால் எனக்குப் பயம். சீல்கள் காய்ந்திருக்கும், பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும், டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும்.

அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகள் இலவசமாகக் கிடைக்கும். அரிப்பு என்ற சொல் எத்தனை வருடம் தொடர்ந்து வருகிறது, அடுத்த வருடம் எப்படி மறைந்தது என்று பாருங்கள். ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, பெரிதாக மாற்றப்படாத 40 வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு எம்.ஓ.டி. கட்டாயமில்லை. அதனால் பல கார்களின் பதிவு அங்கே நின்றுபோயிருக்கும். வாங்குமுன் ஒரு எம்.ஓ.டி. எடுக்கலாமா, கட்டணம் நான் தருகிறேன் என்று கேளுங்கள். நேர்மையானவர் சரி என்பார்.

கார் எந்த நிறத்தில், எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஹெரிடேஜ் சான்றிதழில் தெரிந்துகொள்ளலாம். பச்சைக் காரைச் சிவப்பாக்கியதில் குற்றமில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த இடதுகை ஸ்டீயரிங் காரை வலதுகையாக மாற்றியிருந்தால் தெரிந்து வாங்குவது நல்லது.

ஓட்டிப் பார்ப்பது

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு எதையோ காட்ட விரும்பவில்லை.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று பெட்ரோல் பம்ப் அடிக்கும். வேகமாக அடித்து, மெதுவாகி, நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிவு இருக்கலாம். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வால்வை இயக்கும் டேப்பெட்டின் தட்டல் சத்தம் கொஞ்சம் இருப்பது நல்லது; முழு நிசப்தம் என்றால் யாரோ அதன் இடைவெளியை இறுக்கி வைத்திருக்கிறார்கள். இருபது நிமிடம் ஓட்டி இன்ஜின் சூடானபின் ஆயில் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். 50 மைல் வேகத்தில் 50-லிருந்து 70-க்குள் காட்டினால் நிம்மதி. நின்றபடி ஓடும்போது 15-க்குக் கீழே போனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நான்காவது கியரில் 45 மைலில் ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். டாஷ்போர்டிலோ ஸ்டீயரிங் அருகிலோ கியர் குமிழிலோ, வருடத்துக்கு ஏற்றபடி இருக்கும். ஒரு நொடிக்குள் சுற்று இறங்க வேண்டும். வேலை செய்யாவிட்டால், “சும்மா வயர்தான் விட்டிருக்கும்” என்பார் விற்பவர். பல நேரம் உண்மையாகவே வயரோ, ஆயில் குறைவோதான். ஆனால் ஓவர்டிரைவ் செத்துவிட்டது என்ற கணக்கில் பேரம் பேசுங்கள்.

கம்பிச் சக்கரம் அழகு. முன்னும் பின்னுமாக மெதுவாக நகர்த்தும்போது ‘டக்’ என்று கேட்டால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. டூரிங்குக்கு ரோஸ்டைல் இரும்புச் சக்கரமே போதும் என்பது என் கட்சி, துடைக்கவும் சுலபம்.

வாங்கியபின், கிளம்பும்முன்

40 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி கிடையாது. ஆனால் தானாக நடக்காது. வி5சி என்ற வண்டிப் பதிவுப் பத்திரத்தில் ஹிஸ்டாரிக் வகைக்கு மாற்றக் கேட்க வேண்டும், வருடா வருடம் பூஜ்யம் தொகைக்கு வரி பதிய வேண்டும். அப்படிப் பதிந்துவிட்டால் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டன் வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. இன்ஷூரன்ஸில் மதிப்பை முன்பே பேசி எழுதிக்கொள்ளும் வகையை எடுங்கள். வண்டி நின்றால் வீடுவரை ஏற்றிவரும் பிரேக்டவுன் கவர் அவசியம்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், வாரம், வருடம். பத்து வயது தாண்டியிருந்தால், பள்ளம் புதிதுபோல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இன்ஜினுக்கு 20டபிள்யூ50 ஆயில். கியர்பாக்ஸுக்கும் அதேதான், கியர் ஆயில் ஊற்றிவிடாதீர்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குப் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் உண்டு, 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பெட்ரோல் விஷயம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது தின்றுவிடும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், முடிந்தவரை ஈ5 சூப்பரையே போடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட் போட்டிருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டேங்க் நிரப்பும்போதெல்லாம் அடிட்டிவ் ஊற்ற வேண்டும்.

டிக்கியில் ஒரு பெட்டி: ஃபேன் பெல்ட், பாயின்ட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ஒரு பிளக், ஃபியூஸ்கள், பல்புகள், ஹோஸ் கிளிப், இன்சுலேஷன் டேப், ஒரு லிட்டர் ஆயில், ஐந்து லிட்டர் தண்ணீர். கம்பிச் சக்கரம் என்றால் அதன் நட்டைத் தட்டிக் கழற்றத் தாமிரச் சுத்தியல். ரோட்டாரும் கண்டென்சரும் இரண்டிரண்டு வையுங்கள். இப்போது புதிதாக வருபவற்றில் தரம் குறைந்தவை கலந்திருக்கின்றன.

சாலையில்

முதல் பயணத்துக்கே நார்த் கோஸ்ட் 500 போகாதீர்கள். ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் கிளம்பி வடக்குக் கரையைச் சுற்றிவரும் அந்தச் சாலைப் பயணம் 516 மைல். வீட்டிலிருந்து இன்வெர்னஸ் போவதே தனிப்பயணம். முதலில் ஒரே இரவு தங்கும் தூரம், நூறு மைலுக்குள். திரும்பிவந்து எங்கே ஒழுகுகிறது, எது ஆடுகிறது என்று பார்த்துச் சரிசெய்து, அடுத்ததாக வேல்ஸ். லாண்டவரியிலிருந்து பிரினாமன் போகும் ஏ4069 சாலை, கருமலையின் மேல் ஏறி இறங்கும் அந்த வளைவுகள், இந்தக் காரின் அளவுக்கே வெட்டியதுபோல் இருக்கும். அங்கே 40 மைலில் போனாலே மனம் நிறைந்துவிடும். ஏரி மாவட்டத்தின் ஹார்ட்நாட் கணவாய் மூன்றடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. நடுவில் எதிரே வண்டி வந்து நின்றுவிட்டால் உங்கள் கிளட்ச் வாசனை பள்ளத்தாக்கு முழுக்க வரும். அதைத் தவிர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் வேண்டாம். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. இன்றைய கார் நிற்கும் தூரத்தில் இது நிற்காது. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடச் சாலையில் பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார், நீங்கள் ஊர் சுற்றுகிறீர்கள். டேங்கில் 12 கேலன், ஏறக்குறைய 54 லிட்டர் பிடிக்கும். முன்னூறு மைல் ஓடும் என்று கணக்குச் சொல்லும், ஆனால் பெட்ரோல் முள்ளை நம்ப முடியாது. மலைநாட்டில் பாதி குறைந்ததும் நிரப்பிவிடுங்கள். முன்கண்ணாடியில் பனி மூட்டினால் ஹீட்டர் மெதுவாகத்தான் உதவும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு துணி இருக்கட்டும்.

கிளென்கோவுக்கு முன்னால் ரானக் மூர் என்ற சதுப்புவெளியில் ஏ82 சாலை போகிறது. சுற்றிலும் வீடோ மரமோ இல்லை. அங்கே என் இரண்டாவது கார், 1971 ஜிடி, இருமி இருமி நின்றது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் கேட்கவில்லை. போர்வையை விரித்துப் படுத்து, வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பம்பை ஷூவின் குதியால் இரண்டு தட்டு தட்டினேன். உடனே அடிக்கத் தொடங்கியது. பம்புக்குள் இருக்கும் மின் தொடுபுள்ளிகள் ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகும். அதோடு ஃபோர்ட் வில்லியம் தாண்டி இரண்டு நாள் ஓடினேன், ஆனால் திரும்பிவந்த வாரமே புதுப் பம்ப் மாட்டிவிட்டேன்.

நவம்பரில் சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்தால் காரை நிறுத்திவிடுங்கள். வசந்தத்தில் இரண்டு நல்ல மழை பெய்து சாலை கழுவப்பட்டபின் எடுக்கலாம். நடுவில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது கெடுதல். சைலன்சருக்குள் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். சில்லுக்குள்ளே மெழுகு வகைத் துருத் தடுப்பு அடிக்க இந்த மாதங்கள்தான் வசதி.

டிக்கிப் பெட்டியில் ஒரு பொருளைச் சொல்ல மறந்துவிட்டேன், ஒரு பெரிய அட்டை. ஓடி வந்த எம்ஜிபி இரவில் இரண்டு சொட்டு ஆயிலாவது விடும். தங்கும் விடுதியின் கல் பதித்த முற்றத்தில் நிறுத்தினால் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அட்டையை இன்ஜினுக்குக் கீழே விரித்துவிடுங்கள். காலையில் எவ்வளவு சொட்டியிருக்கிறது என்று பார்த்து, ஆயில் கம்பியை இழுத்து அளவு பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.